வேலிக்கு வேலி கட்டியவர்

வேலியே பயிரை மேய்ந்தால் என்ன செய்வது? நம் பழமொழி இந்தக் கேள்வியை எழுப்பிவிட்டு நின்றுவிடுகிறது, விடை சொல்வதில்லை. மக்களைக் காப்பதற்கென்று அரசாங்கம் ஒன்றை அமைக்கிறோம். அந்த அரசாங்கமே மக்களை வருத்தத் தொடங்கினால் அதைத் தடுப்பவர் யார்? இக்கேள்விக்கு விடை தேடுவதிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒருவரைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறேன். அவர் பெயர் ஜேம்ஸ் மாடிசன். அமெரிக்காவின் நான்காவது ஜனாதிபதி. அந்நாட்டு அரசியல் சட்டத்தின் தந்தை என்று போற்றப்படுபவர்.

அமெரிக்க ஆட்சிமுறை நம் போன்றவர்களுக்கு எளிதில் விளங்குவதில்லை. நாம் பாராளுமன்ற முறையிலே பழகியவர்கள். நம் நாட்டில் லோக் சபையில் பெரும்பான்மை உள்ளவரையில்தான் மந்திரிசபை. பெரும்பான்மை போனால் ஆட்சியும் போய்விடும். அமெரிக்காவிலோ ஜனாதிபதி சட்டசபையின் அங்கத்தினர் அல்லர். அவருடைய மந்திரிகளும் அங்கே அங்கத்தினராக இருத்தல் கூடாது. ஜனாதிபதி விரும்புகிற மசோதாவைச் சட்டசபை தோற்கடிக்கும். ஆயினும் அவர் பதவியில் இருப்பார். சட்டசபை நிறைவேற்றிய மசோதாவை அவர் மறுத்துத் திருப்பி அனுப்புவார். ஆயினும் சட்டசபை கலையாது. இருவரும் ஒன்றுகூடிச் செய்த சட்டத்தையும் நீதிமன்றம் செல்லாது என்று தள்ளிவிடும். இச்செய்திகளைப் பத்திரிகைகளில் படிக்கும்போது, அந்த நாட்டை ஆள்பவர்தாம் யார் என்ற ஐயம் நமக்கு எழுகிறது.

சட்ட விதிகளை வரிசையாக எழுதி இந்த ஐயத்தைத் தீர்க்க நான் முயலப் போவதில்லை. அந்த வீட்டுக்குத் திட்டம் வரைந்தவர்களுள் முதன்மையானவர் மாடிசன். கட்டி முடித்த பிறகு அதன் அறைகள் பலவற்றில் தாமே வாழ்ந்து பார்த்தவரும் அவர்தான். ஆகவே அவருடைய வாழ்க்கையைப் பின்பற்றிச் சென்றால் வீடு முழுவதையும் சுற்றிப் பார்த்துவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இளமை

1751 ஆம் ஆண்டு மார்ச்சு 16 ஆம் நாள் வர்ஜீனியாவில் மாடிசன் பிறந்தார். பன்னிரண்டு குழந்தைகளில் மூத்தவர். தந்தை பெரிய புகையிலைத் தோட்டக்காரர். மான்ட்பீலியர் என்று பின்னாளில் பெயர் பெற்ற அந்தத் தோட்டத்தில் உழுதவர்களும் அறுத்தவர்களும் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டு வரப்பட்ட அடிமைகளும் அவர்தம் வழிவந்தோரும் ஆவர். இந்தச் செய்தியை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நாம் இதற்குத் திரும்பி வர வேண்டியிருக்கும்.

மாடிசன் உருவத்தில் மிகச் சிறியவர். உயரம் 5 அடி 4 அங்குலம். எடை ஏறக்குறைய 100 பவுண்டு. நோஞ்சான் உடம்பு. குரலோ பக்கத்து வரிசைக்குக் கூடக் கேட்காத மெல்லிய குரல். அரசியல் மேடைக்கு வேண்டிய பொருத்தம் ஒன்றேனும் அவரிடம் இல்லை. ஆனால் படிப்பிலே அவருக்கிருந்த பசி அடங்காத பசி. இன்று பிரின்ஸ்டன் பல்கலைக் கழகமாக விளங்கும் கல்லூரியில் 1769 இல் சேர்ந்து, நான்கு ஆண்டுப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்தார். பட்டம் பெற்ற பிறகும் ஊர் திரும்ப மனமின்றிச் சிலகாலம் அங்கேயே தங்கி எபிரேய மொழியும் பிறவும் பயின்றார்.

1776 இல், இருபத்தைந்து வயதில், வர்ஜீனியாவின் உரிமைப் பிரகடனத்தை வரைந்த சபையில் அவர் ஓர் அங்கத்தினர். பிற சமயத்தாரைப் பொறுத்துக் கொள்வது என்ற பொருள்பட முதலில் அதில் எழுதப்பட்டிருந்தது. அது போதாது என்றார் இந்த இளைஞர். பொறுத்துக் கொள்வது என்றால், பொறுக்க மாட்டேன் என்று சொல்லும் அதிகாரமும் ஒருவனிடம் இருப்பதாக ஆகிவிடுமன்றோ? சமயத்தைத் தம் மனச்சாட்சிப்படி பின்பற்றுவது எல்லாருக்கும் உரிய உரிமை என்று அந்த வாசகத்தை மாற்றச் செய்தார். ஒரு சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இது நல்ல விடை.

மறு ஆண்டுத் தேர்தலில் அவர் தோற்றார். வாக்காளருக்கு மது வாங்கிக் கொடுப்பது அக்காலத்து வழக்கம். மாடிசன் அதற்கு உடன்படவில்லை. கொள்கை வென்றது, வேட்பாளர் தோற்றார்!

மணல் கயிறு

சுதந்திரப் போரில் பதின்மூன்று மாநிலங்களும் ஒன்று சேர்ந்து பிரிட்டனை எதிர்த்தன. அவற்றைப் பிணைத்திருந்தது ஓர் ஒப்பந்தம். 1781 இல் நடைமுறைக்கு வந்தது. அந்த ஒப்பந்தப்படி அமைந்த பொதுச்சபைக்குக் காங்கிரஸ் என்று பெயர். நம் நாட்டிலே காங்கிரஸ் என்றால் ஒரு கட்சி. அங்கே அது சட்டசபை. 1780 இல் அந்தச் சபைக்குச் சென்ற மாடிசன் அதன் மிக இளைய அங்கத்தினராக இருந்தார்.

அங்கே அவர் கண்டது என்ன? காங்கிரஸுக்கு வரி விதிக்கும் அதிகாரம் இல்லை. மாநிலங்களிடம் பணம் கேட்கலாம். அவை கொடுத்தால் உண்டு. ஆணையை நிறைவேற்ற நிர்வாகத் தலைவர் இல்லை. வழக்கைத் தீர்க்கப் பொதுவான நீதிமன்றங்கள் இல்லை. ஒப்பந்தத்தைத் திருத்த வேண்டுமானால் பதின்மூன்று மாநிலங்களும் ஒருமிக்க இசைய வேண்டும். ஒன்று தலையசைத்து மறுத்தால் போதும், எல்லாம் நின்றுவிடும். போரில் இரத்தம் சிந்திய வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்கவும் வழியில்லை. அது மணலால் திரித்த கயிறு. 1786 இல் மாசசூசெட்ஸில், கடனும் வரியும் தாங்காத குடியானவர்கள் ஷேஸ் என்ற பழைய போர்வீரரின் தலைமையில் ஆயுதம் எடுத்தபோது, கயிறு எவ்வளவு நைந்துபோயிற்று என்பதை எல்லாரும் கண்டனர்.

மாடிசன் ஆயுதம் எடுக்கவில்லை, புத்தகங்களை எடுத்தார். பாரிஸில் தூதராக இருந்த நண்பர் ஜெபர்ஸன் அவருக்குப் பெட்டி பெட்டியாக நூல்கள் அனுப்பினார். பழைய கிரேக்கக் கூட்டரசுகள் முதல் ஸ்விட்சர்லாந்து, ஹாலந்து வரை, கூடி வாழ முயன்ற அரசுகள் ஏன் சிதைந்தன, ஏன் நலிந்தன என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்து குறிப்பெழுதினார். ஒரு நாட்டின் தலைவிதி ஒரு வாசகசாலையில் நிர்ணயிக்கப்பட்டது என்றால் மாணவர்களாகிய நாம் பெருமைப்படலாம் அல்லவா?

பிலடெல்பியா

1787 மே மாதத்தில் பிலடெல்பியா நகரில் மாநாடு கூடியது. மாடிசன் பதினொரு நாள் முன்னதாகவே வந்து சேர்ந்தார். வந்தவர்கள் மொத்தம் 55 பேர்; ரோட் ஐலண்டு ஒன்று தவிர மற்றைப் பன்னிரண்டு மாநிலங்களும் ஆள் அனுப்பின. வாஷிங்டன் தலைமை வகித்தார். எண்பத்தொரு வயதுப் பிராங்க்ளினும் வந்திருந்தார். பேச்சு வெளியே போகக் கூடாதென்று கோடை வெப்பத்திலும் கதவையும் சன்னலையும் சாத்திவிட்டுப் பேசினார்கள். மாடிசன் முன் வரிசையில் அமர்ந்து, நாள் தவறாமல், பேசியவர் பேச்சையெல்லாம் எழுதி வைத்தார். அக்குறிப்புகள் அவர் இறந்த பிறகு 1840 இல்தான் வெளிவந்தன. அந்த மாநாட்டைப் பற்றி உலகம் அறிந்தவற்றில் பெரும்பகுதி அந்தக் கைக்குறிப்புகளின் கொடை.

விவாதத்துக்கு அடிப்படையாக அமைந்த வர்ஜீனியாத் திட்டத்தில் பெரும்பங்கு மாடிசனுடையது. பழைய ஒப்பந்தத்துக்கு ஒட்டுப் போடுவதால் பயனில்லை. புதிய அரசாங்கமே வேண்டும். சட்டம் செய்ய இரண்டு சபைகள், நிறைவேற்ற ஒரு நிர்வாகம், தீர்ப்புச் சொல்ல ஒரு நீதித்துறை என மூன்று கிளைகள் வேண்டும் என்பது அதன் சாரம். இரு சபைகளிலும் மக்கட்தொகைக்கு ஏற்ப இடங்கள் இருத்தல் வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார்.

சிறிய மாநிலங்கள் கொதித்தெழுந்தன. பெரிய மாநிலங்கள் எங்களை விழுங்கிவிடும் என்றன. வாரக்கணக்கில் வாதம் நடந்தது. முடிவில் ஜூலை 16 ஆம் நாள், ஐந்து மாநிலங்கள் ஆதரவாகவும் நான்கு எதிராகவும் வாக்களிக்க, ஒரு சமரசம் நிறைவேறியது. பிரதிநிதிகள் சபையில் மக்கட்தொகைக்கு ஏற்ற இடம். செனட் சபையில் பெரிது சிறிது என்ற வேற்றுமையின்றி மாநிலத்துக்கு இரண்டு இடம். மாடிசன் இதை எதிர்த்துத் தோற்றார். மாநிலச் சட்டங்களை ரத்து செய்யும் அதிகாரம் மத்திய சட்டசபைக்கு வேண்டும் என்று அவர் கேட்டதும் கிடைக்கவில்லை.

அவர் அஞ்சியது வீண் அச்சமன்று. 2020 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கலிபோர்னியாவின் மக்கட்தொகை ஏறத்தாழ 3 கோடியே 95 லட்சம். வயோமிங்கின் மக்கட்தொகை ஏறத்தாழ 5 லட்சத்து 77 ஆயிரம். செனட்டில் இரண்டுக்கும் இரண்டிரண்டு இடம்தான்! நம் ராஜ்ய சபையில் உத்தரப் பிரதேசத்துக்கு 31 இடம், சிக்கிமுக்கு ஒன்று என்று இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வேற்றுமை விளங்கும்.

செப்டம்பர் 17 ஆம் நாள் 39 பேர் கையெழுத்திட்டனர். மாடிசனும் இட்டார். தாம் விரும்பியது முழுவதும் இல்லை. ஆயினும் கிடைத்ததைக் காப்பாற்றுவது தம் கடமை என்று கொண்டார். அரசியல் சட்டத்தின் தந்தை அந்தக் குழந்தையின் முகச்சாயலைக் கண்டு முதலில் மனம் வாடினார் என்பதே உண்மை. அதற்காக அவர் குழந்தையைக் கைவிடவில்லை.

எழுத்துப் போர்

சட்டம் நடைமுறைக்கு வர ஒன்பது மாநிலங்களின் இசைவு வேண்டும். எதிர்ப்போ பலமாக இருந்தது. நியூயார்க்குப் பத்திரிகைகளில் பப்ளியஸ் என்ற புனைபெயரில் கட்டுரைகள் வரத் தொடங்கின. எழுதியவர்கள் ஹாமில்டன், ஜான் ஜே, மாடிசன் ஆகிய மூவர். 85 கட்டுரைகள், அவற்றின் தொகுப்பே பெடரலிஸ்ட் என்ற நூல்.

அவற்றில் மாடிசன் எழுதிய பத்தாவது கட்டுரையும் ஐம்பத்தோராவது கட்டுரையும் புகழ் பெற்றவை. அவற்றின் கருத்தை என் சொற்களில் சொல்கிறேன்.

மக்கள் எங்கே வாழ்ந்தாலும் கட்சி கட்டுவார்கள். பணம், சமயம், நிலம், கடன் என்று பிரிவினைக்குக் காரணம் ஆயிரம். சிற்றூரில் இரண்டே கட்சி இருந்தால் பெரியது சிறியதை நசுக்கிவிடும். அதற்கு மருந்து நாட்டைப் பெரிதாக்குவது. பெரிய நாட்டில் நூறு வகை நலன்கள் ஒன்றோடொன்று மோதும். எந்த ஒரு கூட்டமும் எளிதில் பெரும்பான்மையாகி மற்றவரை மிதிக்க முடியாது. சிறிய நாட்டில்தான் குடியரசு பிழைக்கும் என்று அறிஞர்கள் பலர் சொல்லி வந்த காலத்தில், பெரிய நாடே குடியரசுக்குப் பாதுகாப்பு என்று அவர் தலைகீழாக வாதிட்டார்.

இது ஒரு வேலி. மற்றொன்று, ஆள்பவருக்குக் கட்டிய வேலி. ஆள்பவர் தேவர்களாக இருந்தால் தடை எதுவும் வேண்டாம். அவர்கள் மனிதர்களே. ஆகையால் நல்லவர் வருவார் என்று நம்பிக்கொண்டிராமல், ஒருவருடைய பேராசை மற்றவருடைய பேராசையைத் தடுக்கும்படி பதவிகளை அமைக்க வேண்டும்.

அமெரிக்க ஆட்சிமுறையின் சூட்சுமம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. பிரதிநிதிகள் சபையில் இன்று 435 பேர். அவர்களுக்கு இரண்டு ஆண்டுப் பதவி. செனட்டில் 100 பேர், ஆறு ஆண்டு. ஜனாதிபதிக்கு நான்கு ஆண்டு. நீதிபதிகளுக்கு ஒழுக்கம் தவறாதவரை ஆயுள் முழுவதும். ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழியில், ஒவ்வொரு காலத்தில் பதவிக்கு வருகிறார்கள். ஒரே அலையில் எல்லாரையும் அடித்துச் செல்ல முடியாது. இரு சபைகளும் நிறைவேற்றிய மசோதாவை ஜனாதிபதி மறுக்கலாம். இரு சபைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் அந்த மறுப்பை மீறலாம். ஜனாதிபதி நீதிபதியை நியமிக்கலாம். செனட் இசைய வேண்டும். உடன்படிக்கை செய்யலாம், செனட்டில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்ப வேண்டும். படைகளுக்கு அவரே தலைவர். ஆனால் படைக்குப் பணம் தருவது காங்கிரஸ். ஜனாதிபதி தவறு செய்தால் பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டும், செனட் விசாரிக்கும், மூன்றில் இரண்டு பங்கினர் குற்றவாளி என்றால் பதவி போகும். இவ்வாறு 1868, 1998, 2019, 2021 ஆகிய ஆண்டுகளில் ஜனாதிபதிகள் மீது குற்றம் சாட்டப்பட்டது. நான்கு முறையும் செனட்டில் அந்த அளவு வாக்குக் கிட்டவில்லை.

இந்தப் பூட்டுகளால் காரியம் தாமதப்படாதா என்று கேட்கலாம். தாமதப்படும். நம் நாட்டில் லோக் சபை பணம் மறுத்தால் மந்திரிசபை விலகிவிடும். அங்கே ஜனாதிபதியும் காங்கிரஸும் செலவைப் பற்றி இசையாவிட்டால் இருவரும் தத்தம் இடத்தில் இருப்பார்கள். அரசாங்க அலுவலகங்கள் மூடப்படும். 2018 டிசம்பரில் தொடங்கி 35 நாள் அப்படிப் பல அலுவலகங்கள் மூடிக் கிடந்தன. விரைவைவிடப் பாதுகாப்பே பெரிது என்று எண்ணிக் கட்டிய வீட்டில், அவசரத்துக்குக் கதவு திறப்பது கடினம்தான்.

உரிமைச் சாசனம்

வர்ஜீனியாவின் இசைவு 1788 ஜூன் மாதத்தில் முடிவாகியது. எதிர்த்து நின்றவர் பாட்ரிக் ஹென்றி; இடிபோல் முழங்கும் நாவலர். எதிரே மாடிசனோ சபைக் குறிப்பு எழுதுவோருக்கே கேட்காத குரலில், கையில் குறிப்புத் தாளுடன், விதி விதியாக விளக்கினார். 89 வாக்கு ஆதரவு, 79 எதிர்ப்பு. இடி ஓய்ந்தது, தூறல் வென்றது.

ஹென்றி இதை மறக்கவில்லை. அக்காலத்தில் செனட் அங்கத்தினரை மாநிலச் சட்டசபைகளே தேர்ந்தெடுத்தன. மக்கள் நேரே தேர்ந்தெடுக்கும் முறை 1913 இல்தான் வந்தது. வர்ஜீனியாச் சட்டசபையில் செல்வாக்கு மிகுந்த ஹென்றி, மாடிசனுக்குச் செனட் இடம் கிடைக்காதபடி செய்தார். பிரதிநிதிகள் சபைக்கு நின்ற மாடிசனுக்கு எதிராக ஜேம்ஸ் மன்றோ நின்றார். 1789 ஆம் ஆண்டுக் கடுங்குளிரில் போட்டியாளர் இருவரும் சேர்ந்து பயணம் செய்து ஒரே கூட்டத்தில் வாதிட்டனர். மாடிசன் 1308 வாக்குப் பெற்று வென்றார், மன்றோவுக்கு 972. அவர்கள் நட்போ குலையவில்லை. மன்றோ பின்னால் மாடிசனின் மந்திரியாகி, அவருக்கு அடுத்த ஜனாதிபதியும் ஆனார்.

சட்டத்தில் மக்கள் உரிமைகள் எழுதப்படவில்லையே என்பது எதிர்ப்பாளரின் பெரிய குறை. உரிமையைத் தாளில் எழுதிவிட்டால் மட்டும் காப்பாற்ற முடியாது என்று மாடிசன் முதலில் எண்ணியிருந்தார். தேர்தலில் மக்களுக்கு வாக்குக் கொடுத்தபின் அதை நிறைவேற்றியே தீருவது என்று நின்றார். 1789 ஜூன் 8 ஆம் நாள் அவர் கொண்டு வந்த திருத்தங்களிலிருந்து பன்னிரண்டு மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டன. அவற்றுள் பத்து 1791 டிசம்பர் 15 இல் சட்டமாயின. சமயம், பேச்சு, பத்திரிகை, கூட்டம், முறையான விசாரணை ஆகியவற்றுக்கான உரிமைகள் அவற்றில் அடங்கும். நம் அரசியல் சட்டத்தை வரைந்தவர்கள் அடிப்படை உரிமைகளைப் பற்றி எண்ணியபோது இந்தச் சாசனத்தையும் கருத்தில் கொண்டனர்.

எஞ்சிய இரண்டில் ஒன்றின் கதை மாணவர்களுக்கு மகிழ்ச்சி தரும். காங்கிரஸ் அங்கத்தினர் தங்கள் சம்பளத்தை மாற்றினால் அடுத்த தேர்தலுக்குப் பிறகே அது நடைமுறைக்கு வர வேண்டும் என்பது அந்தத் திருத்தம். அது கேட்பாரற்றுக் கிடந்தது. 1982 இல் டெக்ஸாஸ் பல்கலைக் கழக மாணவர் ஒருவர், அது இன்னும் உயிரோடு இருக்கிறது என்று கட்டுரை எழுதினார். ஆசிரியர் அதற்கு நடுத்தர மதிப்பெண்தான் போட்டார். மாணவர் விடவில்லை, மாநிலம் மாநிலமாகக் கடிதம் எழுதினார். 1992 இல் அது இருபத்தேழாவது திருத்தமாகியது. மாடிசன் ஊன்றிய விதை இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு முளைத்தது. 2017 இல் பல்கலைக் கழகமும் அந்த மதிப்பெண்ணைத் திருத்தி, முதல் தர மதிப்பெண் வழங்கியது!

பிரதிவாதி மாடிசன்

சட்டத்தில் கட்சி என்ற சொல்லே இல்லை. ஆனால் 1791 இல் தேசிய வங்கி அமைக்க ஹாமில்டன் முனைந்தபோது, அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று மாடிசன் எதிர்த்தார். ஒரே புனைபெயரில் எழுதிய நண்பர்கள் எதிரெதிர் அணிகளில் நின்றனர். ஜெபர்ஸனும் மாடிசனும் ஒரு கட்சியையே வளர்த்தனர். இதனிடையே 1794 இல், நாற்பத்து மூன்றாம் வயதில், டாலி என்ற இளம் விதவையை அவர் மணந்தார். பேச்சு வராத அவருக்குப் பேச்சும் சிரிப்புமாக வாய்த்த துணை அவர்.

1801 இல் ஜெபர்ஸன் ஜனாதிபதியானார். மாடிசன் வெளிநாட்டு மந்திரி. முந்திய ஜனாதிபதி ஆடம்ஸ் பதவி விட்டுப் போகும் கடைசி நேரத்தில் நியமித்த சிலருக்கு நியமனப் பத்திரங்கள் சேரவில்லை. அவற்றைக் கொடுக்க வேண்டாம் என்றார் ஜெபர்ஸன். மார்பரி என்பவர் மாடிசன் மீது உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார்.

1803 இல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தீர்ப்பளித்தார். மார்பரிக்கு உரிமை உண்டு. ஆனால் இந்த வழக்கை நேரே உச்ச நீதிமன்றத்தில் தொடர வழி செய்த சட்டப் பிரிவு அரசியல் சட்டத்துக்கு முரணானது. ஆகவே அப்பிரிவு செல்லாது என்றார். வழக்கில் மாடிசன் பக்கம் பிழைத்தது. ஆனால் அன்று நீதிமன்றத்தின் கையில் ஒரு புதிய வாள் வந்தது. காங்கிரஸ் செய்த சட்டமே ஆயினும் அரசியல் சட்டத்தோடு மாறுபட்டால் செல்லாது என்று சொல்லும் அதிகாரம் நிலைபெற்றது. அரசியல் சட்டத்தை வரைந்தவரே பிரதிவாதியாக நின்ற வழக்கில் அந்தச் சட்டத்தின் காவலர் யார் என்பது முடிவானது விதியின் விளையாட்டு என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஜனாதிபதி

1809 முதல் 1817 வரை மாடிசன் ஜனாதிபதி. ஜனாதிபதியை மக்கள் நேரே தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இரு சபைகளிலும் உள்ள இடங்களின் அளவுக்கு வாக்காளர் குழு ஒன்று உண்டு. இன்று அவர்கள் மொத்தம் 538 பேர். 270 பேரின் வாக்குப் பெற்றவர் ஜனாதிபதி. இதனால்தான் 2000 இலும் 2016 இலும் நாடு முழுவதிலும் அதிக மக்கள் வாக்குப் பெற்றவர் தோற்க நேர்ந்தது.

பிரிட்டிஷ் கடற்படை அமெரிக்க மாலுமிகளைப் பிடித்துச் சென்றதும் வாணிகத்தைத் தடுத்ததும் பொறுக்க முடியாமற் போயின. ஆயினும் மாடிசன் தாமாகப் போர் தொடுக்கவில்லை. போர் அறிவிக்கும் அதிகாரம் காங்கிரஸுக்கே உரியது. 1812 ஜூன் முதல் நாள் காரணங்களை எழுதிக் காங்கிரஸுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். பிரதிநிதிகள் சபை 79க்கு 49, செனட் 19க்கு 13 என்ற வாக்கில் இசைந்தன.

போர் நன்றாக நடக்கவில்லை. 1814 ஆகஸ்டு 24 ஆம் நாள் பிரிட்டிஷார் தலைநகரில் புகுந்து காங்கிரஸ் மண்டபத்தையும் ஜனாதிபதி மாளிகையையும் எரித்தனர். வாஷிங்டனின் திருவுருவப் படத்தைக் காப்பாற்றச் சொல்லிவிட்டு டாலி வெளியேறினார். வடகிழக்கு மாநிலங்கள் போரையும் மாடிசனையும் வெளிப்படையாகத் தூற்றின. பத்திரிகைகள் வாயில் வந்தபடி எழுதின. வேறொருவராயின் சிறைக் கதவுகளைத் திறந்திருப்பார். மாடிசன் ஒரு பத்திரிகையாளர் வாயை அடைக்கவும் சட்டம் கேட்கவில்லை. தாம் எழுதிய உரிமைச் சாசனம் தம்மையே சுட்டபோதும் அதை அவர் மடித்து வைக்கவில்லை. அவருடைய பெருமை அனைத்திலும் இதையே முதலாவதாக வைப்பேன்.

இன்று அந்த வேலி தேய்ந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1942 க்குப் பிறகு காங்கிரஸ் முறைப்படி போர் அறிவித்ததே இல்லை. கொரியாவிலும் வியட்நாமிலும் நடந்தவை அறிவிக்கப்படாத போர்கள். ஜனாதிபதியும் சபைகளின் பெரும்பான்மையும் ஒரே கட்சியாயிருக்கும்போது, அங்கத்தினர் தம் சபையின் அதிகாரத்தைக் காப்பதைவிடக் கட்சியைக் காப்பதே மிகுதி. பதவிக்குப் பதவி காவல் என்று மாடிசன் கணக்கிட்டார்; கட்சி அந்தக் கணக்கை மாற்றிவிடும் என்பதை, கட்சி ஒன்றைத் தாமே வளர்த்தும், அவர் போதிய அளவு எண்ணவில்லை.

வேலிக்கு வெளியே

இப்போது மான்ட்பீலியர் தோட்டத்துக்குத் திரும்புவோம்.

1783 இல் பிலடெல்பியாவிலிருந்து ஊர் திரும்ப இருந்த மாடிசன், தம்முடன் இருந்த பில்லி என்ற அடிமையை உடன் அழைத்து வரவில்லை. விடுதலை நகரத்தின் காற்றைச் சுவாசித்த பில்லி இனித் தோட்டத்தில் அடங்கியிரான் என்று எண்ணினார். நாம் எந்தச் சுதந்திரத்துக்காகப் போரிட்டோமோ அதையே இவனும் விரும்பினான். அதற்காக இவனைத் தண்டிக்க இயலுமா என்ற கருத்தில் தந்தைக்கு எழுதினார். நியாயம் அவருக்குத் தெரிந்திருந்தது. ஆயினும் அவர் செய்தது என்ன? குறிப்பிட்ட சில ஆண்டுகள் உழைத்துத் தீர்த்தபின் விடுதலை என்ற முறையில் பில்லியை விற்றார்.

பிலடெல்பியாவில் வரைந்த சட்டத்தில் அடிமை என்ற சொல் வராமற் பார்த்துக்கொண்டார்கள். மனிதனை மனிதன் சொத்தாகக் கொள்ளலாம் என்ற எண்ணம் சட்டத்தில் ஏறக்கூடாது என்று மாடிசனே வாதிட்டார். சொல் வரவில்லை, பொருள் வந்தது. பிரதிநிதிகளைக் கணக்கிடும்போது ஓர் அடிமை ஐந்தில் மூன்று பங்கு ஆள் என்று கொள்ளப்பட்டான். அவனுக்கோ வாக்கு இல்லை. 1808 வரை அடிமை இறக்குமதியைக் காங்கிரஸ் தடுக்கக்கூடாது என்றும், ஓடிப்போன அடிமையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும் விதிகள் ஏறின.

பால் ஜென்னிங்ஸ் என்பவர் மான்ட்பீலியரில் அடிமையாகப் பிறந்தவர். சிறுவனாக ஜனாதிபதி மாளிகைக்குச் சென்றவர். பதினாறு ஆண்டுகள் மாடிசனுக்கு முகச்சவரம் செய்தவர். 1836 ஜூன் 28 ஆம் நாள், எண்பத்தைந்தாம் வயதில், அரசியல் சட்டத்தில் கையெழுத்திட்டவர்களில் கடைசியாக எஞ்சியிருந்த மாடிசன் உயிர் நீத்தபோது அருகில் இருந்தவரும் அவரே. மாடிசனின் உயிலில் அவருக்கு விடுதலை இல்லை. மற்ற அடிமைகளுக்கும் இல்லை. 1847 இல் செனட் அங்கத்தினர் டேனியல் வெப்ஸ்டரின் உதவியால் ஜென்னிங்ஸ் தம் விடுதலையைப் பெற்றார். பிற்காலத்தில் வறுமையுற்ற டாலிக்குத் தம் கைப்பணத்திலிருந்து சிறு தொகை கொடுத்து உதவியவரும் இவர்தான்! ஜனாதிபதி மாளிகையைப் பற்றித் தாம் கண்டவற்றை 1865 இல் நூலாகவும் வெளியிட்டார்.

அந்த 1865 ஆம் ஆண்டிலேதான், உள்நாட்டுப் போரில் லட்சக்கணக்கானோர் மாண்ட பிறகு, பதின்மூன்றாவது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. 1868 இல் சம பாதுகாப்பு, 1870 இல் இன வேற்றுமையற்ற வாக்குரிமை, 1920 இல் பெண்களுக்கு வாக்குரிமை என்று திருத்தங்கள் தொடர்ந்தன. எழுதப்பட்டது எல்லாம் உடனே நடந்துவிடவில்லை. தென் மாநிலங்களில் கறுப்பு மக்கள் வாக்குச் சாவடிக்கு அச்சமின்றிச் செல்ல 1965 ஆம் ஆண்டுச் சட்டம் வரை போராட வேண்டியிருந்தது.

மாடிசனின் வாழ்க்கையிலிருந்து நான் கொள்ளும் பாடம் இது. ஆள்பவரின் நற்குணத்தை நம்பிச் சட்டம் எழுதாதே என்றார் அவர். அதற்குச் சான்றாக அவர் வாழ்க்கையே நிற்கிறது. அறிவும் அடக்கமும் நேர்மையும் நிறைந்த அந்த மனிதரே தம் தோட்டத்து மனிதர்களுக்கு நியாயம் செய்யவில்லை என்றால், மற்றவரைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் தம்மைவிடச் சிறந்தவர்கள் பின்னால் வந்து திருத்துவதற்கு ஒரு வாயிலை அவர்கள் விட்டு வைத்தார்கள். காங்கிரஸின் இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கினரும், மாநிலங்களில் நான்கில் மூன்று பங்கும் இசைந்தால் சட்டத்தைத் திருத்தலாம். குறுகிய வாயில்தான். இருபத்தேழு முறைதான் திறந்திருக்கிறது. அதை ஒவ்வொரு முறையும் தள்ளித் திறந்தவர்கள் மக்கள்.

வேலி தானே பயிரைக் காப்பதில்லை. வேலிக்கு வேலி கட்டினாலும், நாள்தோறும் சென்று பார்க்கும் உழவனின் கண் வேண்டும். பல்கலைக் கழகத்தில் அரசியலும் சட்டமும் பயிலும் நாம், நாளை அந்தக் கண்ணாக இருப்போமா என்பதே கேள்வி.